கடனாளியின் கணக்கேடு

ராபின்சன் குரூசோவின் கதையைக் கேளாத பிள்ளை நம் இல்லங்களில் அரிது. ஆளரவமற்ற தீவு, ஆட்டுத்தோல் உடை, மணலில் கண்ட ஒற்றைக் காலடித் தடம் ஆகிய யாவும் பள்ளிப் பருவத்திலேயே நம் மனத்தில் பதிந்துபோனவை. ஆயினும் அந்நூலில் வரும் வேறொரு காட்சியை நினைவில் வைத்திருப்போர் சிலரே. தீவில் ஒதுங்கிய குரூசோ, கலக்கம் சற்றுத் தணிந்தபின், தாள் ஒன்றை எடுத்து இரு பத்திகளாகப் பிரிக்கிறான். ஒரு பத்தியில் தனக்கு நேர்ந்த தீமைகளையும், எதிர்ப்பத்தியில் தனக்கு எஞ்சிய நன்மைகளையும் எழுதுகிறான். ஆளற்ற தீவில் தள்ளப்பட்டது பற்று. தோழர் அனைவரும் மூழ்கத் தான் மட்டும் உயிரோடிருப்பது வரவு. கடைக்காரன் பேரேடு எழுதும் முறையில் தன் வாழ்வையே அவன் எழுதிப் பார்க்கிறான்.

இது கதாசிரியர் ஒருவரின் கற்பனை விளையாட்டன்று. 1719-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அந்நூல் வெளிவந்தபோது, அதன் ஆசிரியர் டேனியல் டீபோவுக்கு ஏறத்தாழ அறுபது வயது. அதுவரை அவர் கதை எழுதிப் புகழ் பெற்றவரல்லர். அரசியலோடு, வாணிகம், கடன், வட்டி, சுங்கம், ஏற்றுமதி, இறக்குமதி ஆகியவை பற்றியே எழுதிக் குவித்தவர். நிலையான உத்தியோகம் இன்றி, எழுதிய எழுத்துக்குக் கூலி பெற்று மனைவி மக்களைக் காத்தவர்.

இன்று நம் வீடுகளுக்கு வரும் இதழ்களில் பொன் விலையையும் சேமிப்பையும் காப்பீட்டையும் அந்நியச் செலாவணியையும் விளக்கி எழுதுவோர்க்கெல்லாம் அவர் ஒரு பாட்டனார் எனலாம். அத்தகையோர் எழுத்தை நம்பிக் கைப்பொருளை இடம் மாற்றும் குடும்பங்கள் நம் பங்குகளிலும் உண்டு. எழுதுபவர் தம் பட்டறிவிலிருந்து எழுதுகிறாரா, அன்றி வேறெவரோ அவருடைய பேனாவுக்கு மை வார்க்கிறாரா என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. டீபோவின் வாழ்வில் இவ்விரண்டும் உண்டு. அதனாலேயே அவரை இங்கே எடுத்துக்கொண்டோம்.

புனுகுப் பூனையும் போர்க்காலக் கப்பலும்

லண்டன் நகரில் மெழுகுதிரி வணிகர் ஒருவரின் மகனாக, 1660-ஐ ஒட்டிய காலத்தில் அவர் பிறந்தார். அரசின் திருச்சபையோடு ஒத்துப்போகாத புரட்டஸ்டாந்துப் பிரிவினர் குடும்பம். மகன் போதகராவான் என்று வீட்டார் எண்ணியிருக்க, அவரோ வணிகராகி, காலுறை முதலியவற்றை மொத்த விற்பனை செய்தார். 1684-ல் திருமணம். மணமகள் மேரி 3,700 பவுண்டு சீதனம் கொண்டுவந்தார். நாட்டுப்புறக் கூலியாள் ஒருவன் ஆண்டு முழுவதும் உழைத்தாலும் 20 பவுண்டைக் காண்பது அரிதான காலம் அது.

அவ்வளவு முதலும் எங்கே போயிற்று? கைத்தொழில் ஒன்றிருக்க, வேறு பத்தில் அவர் கால் வைத்தார். மது, புகையிலை, கப்பல்களுக்குக் காப்பீடு, கடலடியில் மூழ்கிய பொருளை எடுக்கும் கருவி என்று கை நீண்டுகொண்டே போயிற்று. வாசனைப் பொருளுக்காகப் புனுகுப் பூனைகள் எழுபதை 850 பவுண்டுக்கும் மேற்பட்ட விலைக்குப் பேசி வாங்கினார், கடன் வாங்கித்தான். பின்னர் அப்பூனைகளை அவருடைய மாமியாரே பணம் கொடுத்து வாங்க நேர்ந்து, அந்த அம்மையாரும் நட்டப்பட்டு வழக்கு மன்றம் ஏறினார். மருமகன் மீது மாமியார் வழக்குத் தொடுக்கும் நிலை எத்தகையது என்பதைக் குடும்பத்தார் எவருக்கும் நாம் விளக்க வேண்டியதில்லை. இதனிடையே 1689-ல் பிரான்சுடன் போர் மூண்டது. எதிரிகள் கப்பல்களைப் பிடிக்கப் பிடிக்க, காப்பீடு செய்தவர் தலையில் இடி விழுந்தது. 1692-ல் டீபோ நொடித்துப் போனார். கடன் 17,000 பவுண்டு!

நம் ஊரில் ‘மஞ்சள் கடுதாசி கொடுத்தல்’ என்பார்களே, அந்த வழியும் அன்று அங்கே செவ்வையாக இருக்கவில்லை. கடன்பட்டவனைச் சிறையில் அடைத்துவிட்டால், அவன் எவ்வாறு உழைத்துக் கடனை அடைப்பான் என்று கேட்பார் குறைவு. கேட்டவர்களுள் டீபோ ஒருவர். 1697-ல் அவர் வெளியிட்ட ‘திட்டங்கள் பற்றிய கட்டுரை’ என்னும் நூலில், நேர்மையாக நொடித்தவனுக்கு விடுதலை தரும் சட்டம், உழைப்பாளர் சிறு தொகை செலுத்தி முதுமையில் உதவி பெறும் சங்கங்கள், பெண்களுக்கான கல்விக்கூடம் ஆகியவற்றுக்கு வழி கூறினார். தம் உடைமை முழுவதையும் ஒளிக்காமல் ஒப்படைத்த கடனாளி, பழைய கடனிலிருந்து விடுபட்டுப் புதுவாழ்வு தொடங்கலாம் என்னும் சட்டம் 1706-ல் இங்கிலாந்தில் வந்தது. அதற்காகத் தம் இதழில் ஓயாது எழுதியவர் அவர். (உடைமையை ஒளித்தவனுக்கு அதே சட்டம் மரண தண்டனை விதித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அக்காலத்துச் சட்டங்களில் இரக்கமும் தூக்குக் கயிறும் ஒரே தாளில் இருந்தன.)

தம் கடன்களையோ, ஓடி மறையாமல் சிறுகச் சிறுக அடைத்து வந்தார். டில்பரி என்னுமிடத்தில் செங்கல்லும் ஓடும் செய்யும் சூளை ஒன்று நடத்தி ஓரளவு தலையெடுத்தார். அதுவும் நிலைக்கவில்லை. 1702-ன் இறுதியில், தம் பிரிவினரை ஒடுக்க முனைந்தவர்களின் குரலிலேயே எழுதி அவர்களை எள்ளிய துண்டுநூல் ஒன்றுக்காகத் தேடப்பட்டார். மறு ஆண்டு பிடிபட்டு, ஜூலையில் மூன்று நாள் பொதுவிடத்தில், தலையையும் கைகளையும் பிணைக்கும் தண்டனைக் கட்டையில் நின்றார். பின்னர் நியூகேட் சிறை. சூளை அணைந்தது.

கூலி கொடுத்தவர் யார்?

சிறையிலிருந்து அவரை மீட்டவர் ராபர்ட் ஹார்லி என்னும் அரசியல் தலைவர். மீட்டதற்கு விலை உண்டு. அன்று முதல் டீபோவின் பேனா பெரும்பாலும் ஆட்சியாளரின் பணியில் இருந்தது. அரசின் இரகசிய நிதியிலிருந்து அவருக்குப் பணம் வந்தது. 1704 பிப்ரவரியில் அவர் தொடங்கிய ‘ரிவ்யூ’ என்னும் இதழ் 1713 வரை நடந்தது. வாரம் மும்முறை வெளிவந்த அவ்விதழை ஏறத்தாழத் தனியொருவராகவே எழுதி முடித்தார் என்றால், அவருடைய உழைப்பை நாம் வியக்காதிருக்க முடியாது. கடனும் நம்பகமும் நாட்டின் வாணிகத்தை எவ்வாறு தாங்குகின்றன என்பதைச் சாதாரண மக்களுக்குப் புரியும்படி அவ்விதழில் விளக்கினார். நம்பகத்தை ஒரு பெண்மணியாக உருவகித்தார். வலிய இழுத்தால் வாராதவள், ஒருமுறை மனம் முறிந்தால் எளிதில் திரும்பாதவள் என்பது அவர் தீட்டிய ஓவியம்.

1713-ல் பிரான்சுடன் சமாதானம் ஏற்பட்டபோது, வாணிக உடன்படிக்கை ஒன்றும் முன்வைக்கப்பட்டது. பிரெஞ்சு மதுவுக்கும் பட்டுக்கும் இருந்த கடுமையான சுங்கத் தடைகளைத் தளர்த்துவது அதன் உட்கிடை. அவ்வாறு செய்தால் ஆங்கிலேயரின் கம்பளித் துணியை வாங்கும் போர்ச்சுக்கல் முகம் சுளிக்கும் என்றனர் ஒரு சாரார். ‘மெர்க்காட்டர்’ என்னும் இதழில் டீபோ உடன்படிக்கைக்காக வாதாடினார். சுங்கச் சாவடிக் கணக்குகளையே எடுத்துக்காட்டி, பிரான்சுடன் வாணிகம் செய்வதால் நட்டமில்லை என்றார். எதிர்த்தரப்பாரும் அவ்வாறே எண்களோடு வந்தனர். பாராளுமன்றத்தில் ஒன்பது வாக்குகளால் அது தோற்றது. ஒரே சுங்கக் கணக்கைக் கொண்டு இரு தரப்பாரும் இரு முடிவுக்கு வந்த இவ்விவாதம், வெளிநாட்டு வாணிகம் பற்றிய எழுத்தைப் படிக்கும் எவரும் நினைவில் கொள்ளத் தக்கது.

ஆறு ஆண்டுகள் சென்றபின் நடந்ததுதான் நமக்கு நெருக்கமானது. சோழமண்டலக் கரையில் நம் முன்னோர் நெய்து, சாயவேரும் அவுரியும் தோய்த்து, பூவும் கொடியும் எழுதிய சீட்டித் துணிக்கு இங்கிலாந்துப் பெண்கள் மனம் பறிகொடுத்திருந்தனர். 1639-ல் ஆங்கிலேயக் கம்பெனியார் சென்னையில் இடம் பெற்றதற்கே இப்பகுதித் துணி மலிவாகக் கிடைத்தது ஒரு முதற்காரணம். இந்தியாவில் அச்சிட்டும் எழுதியும் வந்த துணியை 1700-ல் பாராளுமன்றம் தடுத்தும், வெள்ளைத் துணியாக வரவழைத்து அங்கேயே அச்சிட்டுக்கொண்டனர். 1719-ல் லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதி நெசவாளர்கள் கொதித்தெழுந்தனர். தெருவில் சீட்டி அணிந்து சென்ற பெண்களின் ஆடைகளைக் கிழித்தனர். மையும் அமிலமும் வீசினர்.

அந்த நெசவாளர்களின் தரப்பில் ‘மானுஃபாக்சரர்’ என்னும் இதழை எழுதியவர் டீபோ என்பது அறிஞர் கருத்து. கம்பளியும் பட்டும் நெய்வோரின் அடுப்பில் நெருப்பில்லை என்றார். இந்தியத் துணிக்காக நாட்டின் வெள்ளி கடல் கடந்து போகிறது என்றார். 1721-ல் சட்டம் பிறந்தது. 1722-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழா நாள் முதல் அச்சிட்ட பருத்தித் துணியை அணிவதே அங்கே குற்றமாயிற்று.

1713-ல் கதவைத் திற என்றவர், 1719-ல் கதவை அடை என்றார். இவர் பணத்துக்காக நாக்கைப் புரட்டினார் என்று அன்றே ஏசினார்கள். நாம் அவ்வளவு எளிதில் தீர்ப்பிட விரும்பவில்லை. தம் நாட்டுக் கம்பளி விற்கும் வாணிகம் நல்லது, தம் வெள்ளியை விழுங்கும் வாணிகம் தீயது என்பது அவருடைய அளவுகோலாக இருந்திருக்கலாம். பசித்த நெசவாளிக்காக அவர் விட்ட கண்ணீரும் பொய்யென்று தோன்றவில்லை. ஆனால் சோழமண்டலக் கரையில் தறியில் அமர்ந்திருந்தவனுக்கும் அடுப்பு உண்டு, குழந்தைகள் உண்டு என்பது அவருடைய பேரேட்டில் எந்தப் பக்கத்திலும் ஏறவில்லை.

இதனினும் கனமான ஒரு குறையும் உண்டு. ஆப்பிரிக்க மக்களைப் பிடித்து விற்ற ராயல் ஆப்பிரிக்கக் கம்பெனியில் அவர் பங்கு வாங்கியிருந்தார். அக்கம்பெனியை ஆதரித்தும் எழுதினார். அவர் படைத்த குரூசோ கப்பலேறியதே அடிமைகளைக் கொண்டுவரத்தான். அதற்கு முன்பே, தன்னோடு தப்பிவந்த சூரி என்னும் சிறுவனை, அவன் கிறிஸ்தவனானால் பத்தாண்டில் விடுதலை என்ற பேச்சோடு, அறுபது வெள்ளிக் காசுக்கு விற்றுவிடுகிறான். திருமுழுக்கையும் விலைப்பேச்சில் ஒரு நிபந்தனையாகச் சேர்த்துவிட்ட அப்பகுதியைப் படிக்கும்போது நமக்கு மனம் கூசுகிறது.

மனைவிக்குத் தெரியட்டும்

பிறர் கூலி கொடுத்து எழுதியவை ஒருபுறமிருக்க, தாம் பட்டதை அவர் எழுதிய நூல் ஒன்றுண்டு. ‘முழுமையான ஆங்கில வணிகன்’ என்னும் அந்நூல் 1725-ல் வெளிவந்தது. இரண்டாம் பகுதி 1727-ல் வந்தது. இளம் கடைக்காரருக்கு எழுதிய கடிதங்களாக அமைந்தது. பெரிய தத்துவம் ஏதுமில்லை. அறியாத தொழிலில் இறங்காதே; முதலுக்கு மேல் கொள்முதல் செய்யாதே; வட்டிக்கு வாங்கிய பணம் நீ உறங்கும்போதும் உன்னைத் தின்கிறது என்பன போன்ற செய்திகள்தாம். புனுகுப் பூனை வாங்கியவரின் வாயிலிருந்து வருவதால் அவற்றுக்குத் தனிக் கனம் உண்டு.

கடையின் மினுக்கலுக்குப் பணத்தைக் கொட்டுவதை அவர் வெகுவாகப் பழிக்கிறார். இருபது பவுண்டுச் சரக்குப் போதுமான பலகாரக் கடை ஒன்றைக் கண்ணாடியும் விளக்கும் கொண்டு அலங்கரிக்க 300 பவுண்டு செலவிட்ட கதையைக் கூறி, பிற்காலத்தார் இதனை நம்பமாட்டார்கள் என்கிறார். நாம் நம்புகிறோம்!

கணக்கு எழுதாத வணிகனை அவரால் பொறுக்க முடிவதில்லை. இங்கே சுவையான செய்தி ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாத நாட்டுப்புறக் கடைக்காரன் ஒருவன், நடுத்தரத் தொகைகளுக்குக் கோல்களில் வெட்டுக்குறி இட்டும், சில்லறைக்குச் சுண்ணக்கட்டியால் கோடு கிழித்தும், வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஓர் இழுப்பறை ஒதுக்கி அடையாளம் வரைந்தும், கூட்டல் கழித்தலுக்குக் கரண்டிகளை அடுக்கியும் பிழையின்றிக் கணக்கு வைத்திருந்தானாம். பால்காரர் சுவரில் கரிக்கோடு போட்ட வீடுகளில் வளர்ந்த நமக்கு இது வியப்பன்று. கடமை என்பது எழுத்தறிவைப் பொறுத்ததன்று என்பதற்கே அவர் இதனைக் கூறுகிறார்.

வழிபாட்டைக் காரணம் காட்டிக் கடையைக் கைவிடுவதும் தவறு, கடையைக் காரணம் காட்டி வழிபாட்டைக் கைவிடுவதும் தவறு. ஒரு கடமை மற்றொன்றின் நேரத்தைத் திருடலாகாது என்கிறார். நம் பங்குத் தந்தையரும் இதற்கு மறுப்புக் கூறமாட்டார்கள் என நம்புகிறோம்.

ஆனால் நம் உள்ளத்தைத் தொட்ட பகுதி வேறு. வணிகன் தன் தொழில் நிலையை மனைவிக்கு மறைக்கலாகாது என்று அவர் தனியே ஓர் இயலே எழுதுகிறார். கணவன் நொடித்துக்கொண்டிருப்பது தெரியாமல் மனைவி விருந்து வைத்துக்கொண்டிருப்பாள். தெரிந்தால் அவளே முதலில் செலவைச் சுருக்குவாள். கணவன் இறந்தபின் கடையைப் பற்றி ஒன்றும் அறியாத கைம்பெண்ணைக் கணக்கனும் கடன்காரனும் ஏய்ப்பர். அறிந்தவளோ கடையையும் பிள்ளைகளையும் காத்து நிற்பாள். இன்றும் நம் இல்லங்களில் கணவர் மறைந்தபின் வங்கிப் புத்தகம் எது, காப்பீட்டுப் பத்திரம் எங்கே, கைமாற்று வாங்கியவர் யார் யார் என்று அலமாரியைத் துழாவும் தாய்மார்களை நாம் அறிவோம். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிய அவ்வியலை அவர்களுடைய கணவர்மார் படித்திருக்கலாம்.

பங்குச் சந்தைத் தரகர்களைப் பற்றியும் 1719-ல் அவர் கடுமையாக எச்சரித்தார். முன்பு 1711-ல் தென்கடல் கம்பெனி பிறந்தபோது அதனை ஆதரித்து எழுதியவரும் அவரே என்பதை மறைக்க இயலாது. 1720-ல் அக்கம்பெனியின் பங்கு விலை விண்ணுக்கு ஏறி மண்ணில் வீழ்ந்தபோது, அவருடைய எந்த எழுத்தை நினைவில் வைத்திருந்தார்களோ, அதற்கேற்ப மக்கள் பிழைத்தார்கள் அல்லது கெட்டார்கள்.

லிஸ்பனில் ஒரு பணப்பை

மீண்டும் குரூசோவிடம் வருவோம். இருபத்தெட்டு ஆண்டு தீவில் கழித்துத் திரும்பிய அவன், பிரேசில் நாட்டில் தான் விட்டுவந்த தோட்டம் என்னவாயிற்று என்றறிய லிஸ்பன் நகர் செல்கிறான். முன்பு அவனைக் கடலில் காப்பாற்றிய போர்ச்சுக்கீசியக் கப்பல் தலைவர் முதியவராய் அங்கே வாழ்கிறார். குரூசோவின் வருமானத்தில் ஒரு பகுதி அவர் கைக்கு வந்திருந்தது. கப்பல் உடைந்து தாமும் வறுமையுற்றபோது அதில் எடுத்துச் செலவிட்டதையும் அவர் மறைக்கவில்லை. கணக்கை எடுத்து வைக்கிறார். பழைய பை ஒன்றைத் திறந்து, இருந்த 160 பொற்காசுகளையும், தம் கப்பல் உரிமைப் பத்திரத்தையும் நீட்டுகிறார். குரூசோ கண்ணீர் விடுகிறான். விட்டபின், நூறு காசை மட்டும் எடுத்துக்கொண்டு, மையும் தாளும் கேட்டு ரசீது எழுதித் தருகிறான்! டீபோவால் மட்டுமே எழுதக்கூடிய காட்சி இது. பின்னர்த் தன் செல்வம் முழுவதும் கைக்கு வந்ததும் அந்த நூறையும் திருப்பித் தந்து, முதியவருக்கு ஆண்டுதோறும் பணமும் ஏற்பாடு செய்கிறான்.

கத்தோலிக்க சமயத்தை வெகுவாகச் சாடி எழுதியவர் டீபோ. அப்படியிருந்தும், அந்நூலில் வரும் மனிதருள் நேர்மைக்கு முதலிடம் பெறுபவர் இந்தப் போர்ச்சுக்கீசியக் கத்தோலிக்கர். தொடர்ந்து எழுதிய இரண்டாம் பகுதியிலும் பிரெஞ்சுக் குரு ஒருவரை மிக மதிப்பாகவே படைத்துள்ளார். இதனைச் சொல்வதில் நமக்குச் சிறிது மகிழ்ச்சி இருப்பதை மறைப்பானேன்?

நம்பி ஒப்படைத்த பொருள் இருபத்தெட்டு ஆண்டுக்குப்பின் கணக்கோடு திரும்பிவரும் என்று எழுதியவருக்கு வாழ்வில் என்ன நேர்ந்தது?

1729-ல் அவருடைய கடைசி மகள் சோபியாவின் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை ஹென்றி பேக்கர் கற்றவர், நல்லவர். எனினும் சீதனப் பேச்சு ஈராண்டுக்குக் குறையாமல் இழுபட்டது. முடிவில் 500 பவுண்டுக்குக் கடன் பத்திரம் எழுதி, தம் வீட்டையே ஈடு காட்டினார் டீபோ. நாவல்கள் விற்றன, கைப்பணம் தங்கவில்லை. அதற்குமேல், நாற்பது ஆண்டுக்கு முற்பட்ட பழைய கடன் ஒன்றைக் கைம்பெண் ஒருத்தி கிளப்பினாள். அது எப்போதோ தீர்ந்தது என்றார் அவர்; ரசீது கைவசம் இல்லை போலும். எழுபது வயதில் மீண்டும் தலைமறைவு. வீட்டாரை விட்டு, கடன்காரர் கண்ணில் படாத இடங்களில் தங்கினார்.

1730 ஆகஸ்டில் கெண்ட் பகுதியில் மறைந்திருந்த இடத்திலிருந்து மருமகன் பேக்கருக்கு அவர் எழுதிய கடிதம் இன்றும் உள்ளது. கடன்காரருக்கு அஞ்சியே போலும், தம் உடைமையை மகன் பெயருக்கு மாற்றியிருந்தார். தாயையும் மணமாகாத இரு சகோதரியரையும் காப்பாய் என்று அவனை நம்பி ஒப்படைத்திருந்தார். அவனும் அதற்குக் கையெழுத்தும் முத்திரையும் இட்டுக் கட்டுப்பட்டிருந்தான். அவனோ வாக்கைக் காக்கவில்லை. தாயும் தங்கையரும் தங்களுக்கு உரிய சோற்றுக்கே அவன் வாசலில் இரந்து நிற்கும்படி விட்டுவிட்டான் என்று தந்தை அக்கடிதத்தில் அழுகிறார். எதிரியின் அடியைத் தாங்கியவர் மகனின் அடியில் உடைந்துபோனார். மகளைப் பார்க்க வேண்டும், பேரக் குழந்தையைப் பார்க்க வேண்டும் என்கிறார். வரத் துணிவில்லை என்றும் எழுதுகிறார்.

1731 ஏப்ரல் 24-ஆம் நாள், லண்டனில் ரோப்மேக்கர் சந்தில் ஒரு வாடகை அறையில் அவர் உயிர் நீத்தார். பன்ஹில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது. பதிவேட்டை எழுதியவர் பெயரைச் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை, ‘திரு. டுபோ’ என்று எழுதி வைத்தார். மனைவி மேரி அடுத்த ஆண்டின் இறுதியில் இறந்தார்.

கல்லறையின்மீது இன்று நிற்கும் கூர்நுனிக் கல்தூண் 1870-ல் வைத்தது. கிறிஸ்தவ இதழ் ஒன்று இங்கிலாந்துச் சிறுவர் சிறுமியரிடம் வேண்டுகோள் விடுக்க, குரூசோவைப் படித்த பிள்ளைகள் தங்கள் சில்லறைக் காசுகளை அனுப்பினார்கள். அந்தப் பணம் வந்த வகையும் செலவான வகையும் கணக்கு வைக்கப்பட்டிருக்கும் என்றே நினைக்கிறோம்.